அக்கரையில் இருக்கார்

கார்த்திகை மாதத்தில் சூளகிரி மலை ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. பனி அப்படி. நடுப்பகலிலும் முழுதாகக் கலையாமல் ராகிக் கொல்லைகளின் மேல் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி கிடக்கும். அவரைப் பூவின் வாசனை மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு வரும்.

சென்னம்மாள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், விளக்கு வைக்கும் நேரம் வரை அதே அறையில் பெண்களுக்கு எழுத்து வகுப்பு. சுதந்திரம் வந்தபின் சர்க்கார் செய்த ஏற்பாடு. வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் அவளுக்கு மூத்தவர்கள். களையெடுத்த கையைக் கழுவிக்கொண்டு நேராக வருவார்கள். ஒருத்தி வீட்டில் தெலுங்கு, ஒருத்தி வீட்டில் கன்னடம். வகுப்புக்குள் எல்லாம் கலந்து ஒரு மாதிரித் தமிழாகிவிடும்.

எழுத்துக் கூட்டி வாசிக்க எல்லோருக்கும் வந்துவிட்டது. அடுத்து, வாசித்ததைப் பற்றித் தாமாக எழுத வேண்டும் என்று சென்னம்மாளுக்கு ஆசை. அதற்காகப் புத்தகத்தில் ஒரு சின்னக் கதையை எடுத்தாள். வெள்ளம் வந்த நாளில் ஓடக்காரன் ஒருவன் அக்கரைக்குப் போகிறான். மறுநாள் ஓடம் மட்டும் வருகிறது. அவன் மனைவி கரையில் நிற்கிறாள். கதை அவ்வளவுதான்.

"உங்களுக்கு என்ன தோணுதோ எழுதுங்க அக்கா" என்றாள்.

பலப்பங்கள் கிறீச்சிட்டன. வாங்கிப் பார்த்தால் எல்லாச் சிலேட்டிலும் ஒரே வரி: ஓடம் மட்டும் வந்தது. கெம்பம்மாவின் சிலேட்டில் அதுவும் இல்லை.

"இது புத்தகத்துல இருக்கறதுதானே? உங்க மனசுல இருக்கறதை எழுதக் கூடாதா?"

நஞ்சம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "புத்தகத்துல இருக்கறது தப்பா இருக்காதுங்க டீச்சரம்மா. எங்க மனசுல இருக்கறது தப்பா இருந்துட்டா?"

சென்னம்மாள் புத்தகத்தை மூடி வைத்தாள். பயிற்சிப் பள்ளியில் அவளும் அப்படித்தான் எழுதித் தேறியவள்.

இரண்டு நாள் கேள்விகளாகக் கேட்டுப் பார்த்தாள். ஓடக்காரன் நல்லவனா? வெள்ளத்தில் போனது சரியா? 'நல்லவன்', 'சரி' என்று எழுதி வைத்தார்கள். மூன்றாம் நாள் தூறலும் பனியுமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே புளியமரம்கூடத் தெரியவில்லை. எழுதச் சொல்லவே அவளுக்கு மனம் இல்லை. "கண்ணை மூடிக்குங்க. நான் படிக்கிறேன். கேட்டாப் போதும்" என்றாள்.

மெதுவாகப் படித்தாள். படிக்கப் படிக்க அறைக்குள் தண்ணீர் ஏறுவது போல இருந்தது. சுவர்கள் கரைந்தன. பெண்கள் பாயில் உட்கார்ந்தபடியே எங்கோ மிதந்தார்கள். ஒருத்தியின் உதடு அசைந்தது. பாப்பம்மாவின் கை, பக்கத்தில் இல்லாத எதையோ தடவியது. இவர்கள் பார்க்கும் ஆறு எது? கடல் போன்ற ஆற்றை யாரும் கண்டதில்லை. ஆடியில் செம்மண்ணாக ஓடும் பெண்ணையாறு ஒன்றுதான் தெரியும். ஓடம்கூட இல்லை, பரிசல்தான். ஆனாலும் ஒவ்வொருத்தியும் ஒரு கரையில் நின்றுகொண்டிருந்தாள் என்பது சென்னம்மாளுக்குத் தெரிந்தது.

"இப்ப கண்ணைத் திறங்க. நீங்க பார்த்ததுல புத்தகத்துல இல்லாதது ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. எந்தப் பாஷை வார்த்தை வந்தாலும் சரி."

 பிறகு பலப்பங்கள் ஓடின.

'ஓடத்தில ஒத்தச் செருப்பு இருந்துச்சு' என்று நஞ்சம்மா எழுதியிருந்தாள். 'களி கிண்டி வெச்சா. ஆறிப்போச்சு' என்றது பாப்பம்மாவின் சிலேட்டு. சென்னம்மாள் அதை இன்னொரு முறை படித்தாள். கடைசியாகக் கெம்பம்மா சிலேட்டை நீட்டினாள். இதுவரை ஒரு வரிகூடத் தானாக எழுதாதவள்.

'அவர் சாகல. அக்கறையில இருக்கார்.'

அக்கரைக்கு எந்த 'ர' என்று அவளுக்குத் தெரியவில்லை. திருத்தப் போன சென்னம்மாளின் விரல் பாதியில் நின்றுவிட்டது. அந்த வரியில் எந்த எழுத்தைத் தொட்டாலும் கெம்பம்மாவையே தொடுவதாகும் என்று தோன்றியது.

பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் படித்தார்கள். கெம்பம்மாவின் புருஷன் கங்கப்பன் ஐந்தாறு வருஷத்துக்கு முன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்கென்று போனவன். முதல் பொங்கலுக்கு வந்தான். அப்புறம் ஆளும் இல்லை, சேதியும் இல்லை. ஊர் அவனைச் செத்தவனாக்கிவிட்டது. அவன் தம்பி திம்மராயன் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தான். "அண்ணி, இருக்காரா இல்லையான்னு தெரியாத வீட்டுல எப்படிப் பந்தல் போடறது? கருமாதி செஞ்சிடலாம்" என்று வாசலில் வந்து வந்து நின்றான். கெம்பம்மா முறத்தில் ராகியைப் புடைத்துக்கொண்டிருப்பாள்.

நஞ்சம்மா தன் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தாள். ஏதோ எழுதி, கெம்பம்மாவின் மடியில் வைத்தாள். 'இருந்தா ஏன் கூப்பிடல?'

கெம்பம்மா யோசித்தாள். எழுதினாள்: 'காத்து இந்தப் பக்கம் அடிக்கல.'

பாப்பம்மா எழுதினாள்: 'எத்தன நாள் கரையில நிப்பா?'

சென்னம்மாள் கரும்பலகைப் பக்கம் ஒதுங்கி நின்றாள். இப்போது அவளுக்கு அங்கே வேலை இல்லை.  பலப்பச் சத்தம் மட்டும், தூறலோடு சேர்ந்து. கெம்பம்மா அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டினாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எழுந்து போகும்போது அவள் எழுதி வைத்த வரியைச் சென்னம்மாள் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தாள்.

'ஓடம் வந்திருக்கே. அவளே ஏறிப் போலாம்.'

மறுநாள் வகுப்புக்குக் கெம்பம்மா வரவில்லை. காலையில் மூட்டையோடு ஓசூர் பஸ் ஏறியதைப் பார்த்ததாக வகுப்புக்கு வரும் ரங்கம்மா சொன்னாள். ஓசூர் போய், மாலூர் வழியாகக் கோலாருக்கு. ஊரைத் தாண்டாதவள், தனியாக. திம்மராயன் பள்ளிக்கூடத்துக்கே வந்தான்.

"என்ன டீச்சரம்மா, எழுத்துச் சொல்லிக் குடுங்கன்னா, ஊரைவிட்டு ஓடச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. கதை படிச்சோம்" என்றாள் சென்னம்மாள்.  தான் ஒரு கதையைப் படித்துக் காட்டி ஒரு பெண்ணை வெள்ளத்தில் இறக்கிவிட்டோமோ? பனிக்குள் வரும் ஒவ்வொரு பஸ்ஸின் மஞ்சள் விளக்கையும் அன்றிலிருந்து அவள் பார்த்தபடி இருந்தாள்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆனபின், ஒரு பிற்பகலில் கெம்பம்மா நேராக வகுப்புக்கு வந்தாள். புடவை கசங்கியிருந்தது. முகம் கசங்கவில்லை. பாயில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"பாத்தேன். இருக்காரு" என்றாள்.

நஞ்சம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேற குடும்பம் ஆயிடுச்சு. ரெண்டு கொழந்தைங்க. சின்னது அவரு மூக்கு அப்படியே. என்னைப் பாத்ததும் நின்ன எடத்துலயே உக்காந்துட்டாரு." அவள் பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். "வையணும்னுதான் போனேன். வாய் வரல. பெரியது தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சிட்டு வந்துட்டேன்."

"அழுதியா?" என்றாள் பாப்பம்மா.

"பஸ்ஸுல அழுதேன். ஓசூர் வந்ததும் போர்டைப் படிச்சேனா, அழுகை நின்னுபோச்சு." லேசாகச் சிரித்தாள். "செத்துட்டார்னு ஊர் சொன்னதும் சரிதான். இருக்கார்னு நான் எழுதினதும் சரிதான்."

சென்னம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று, ஆற்றில் அளைந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அன்று மாலையே கெம்பம்மா கொழுந்தன் வீட்டுக்குப் போய், "உங்கண்ணன் உசுரோட இருக்காரு. பந்தல் போடு. பொண்ணுக்கு நானே முன்ன நின்னு நலங்கு வெப்பேன்" என்றாள். திம்மராயன் எழுந்து வழிவிட்டான். அவன் மனைவி உள்ளேயிருந்து உட்காரப் பலகை கொண்டுவந்து போட்டாள்.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. பச்சைக் கண்டாங்கியில் கெம்பம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பனி விலகி, அன்றைக்கு மலை முழுதாகத் தெரிந்தது.