சாபெராவியின் எட்டு வரிசைகள்

1

"கறுப்புத் திராட்சையப் பிழிஞ்சா சாறு ஏன் வெளுப்பா வருது?"

கியூக்கா ஏரிக்கரைச் சாலையோரக் கடையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் கேட்டாள். நிறம் தோலில்தான் இருக்கிறது, சதை வெளிறியது என்றேன்.

"உள்ளயும் நிறமா ஒரு பழம்கூடக் கிடையாதா?"

இருக்கிறது. அதைத் தேடிப் போய்த்தான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன்.

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: "நியூயார்க் மாநிலத்தின் மேற்கே, விரல்களை விரித்ததுபோல ஏரிகள்..." வேண்டாம். சுற்றுலாத் தாள் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "டார்லீன் பிரிட்சர்ட் ஒரு பிடிவாதக்காரி." அது ஊர் சொன்னது. ஊர் வாயை நான் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

இப்படி இருக்கட்டும். பழம் வாங்கிவந்த ஜூஸ் ஆலை தன்னோடு போட்ட ஒப்பந்தத்தை நிறுத்தியதும், டார்லீன் தன் ஒரு ஏக்கர் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டு சாபெராவி நட்டாள். குளிருக்கு அஞ்சாத, சதையும் சிவந்த திராட்சை. (பெயர் பெற்ற வகைகள் சலித்துப்போய், கேள்விப்படாத வைனைத் தேடிக் கேட்கிறவர்கள் அமெரிக்காவில் பெருகிவருகிறார்கள் என்று ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். இந்த வரி போதும்.) முதல் அறுவடை கைவிட்டுப் போனால், நிலத்தை ஏரி பார்த்த வீடு கட்டுகிறவர்களிடம் விற்க வேண்டியதுதான்.

பக்கத்துத் தோட்டம் ஐவன் நோல்ட்டுடையது. சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் எளிமையாக வாழும் மென்னோனைட் கிறிஸ்தவ சபைக்காரர். ஒன்பது பிள்ளைகள், ஒரு குதிரைவண்டி. ஜூஸுக்கு காங்கார்டு திராட்சை பயிரிடுகிறவர், வைனைத் தொடமாட்டார்.

"எந்த ஊருச் செடி இது?"

"ஜார்ஜியா."

"அங்க பீச் பழம்ல விளையும்?"

"நம்ம தெக்கத்தி மாநிலம் இல்ல, ஐவன். கடல் தாண்டி அதே பேர்ல ஒரு நாடு இருக்கு."

"பேரைச் சொல்லவே வாய் சுளுக்குது. பாட்டிலோட தைலமும் சேத்துக் குடுப்பீங்களா?"

"குடிக்காத ஆளுக்குத் தைலம் எதுக்கு?"

3

நட்ட நான்காம் வருட அக்டோபர், ஒரு வியாழக்கிழமை. மறுநாள் பெருமழை என்று வானொலி சொன்னது. பழுத்த பழம் நனைந்தால் வெடித்து அழுகிவிடும். வரவேண்டிய பறிப்பாட்களைப் பெரிய தோட்டம் ஒன்று கூட்டிக்கொண்டு போய்விட்டது. டார்லீன் தனியாகப் பறித்தாள்.

பொழுது சாயும்போது பன்னிரண்டில் நான்கு வரிசைதான் முடிந்திருந்தது. கத்தரி பிடித்த விரல்கள் விரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து சின்னதாக ஒரு ஜெபம் சொன்னாள். என்ன கேட்டாள் என்று...

ஜெபத்தை ஒட்டுக்கேட்பது முறையில்லை.

விடிந்து போய்ப் பார்த்தால் மீதி எட்டு வரிசையிலும் ஒரு குலை இல்லை. நிரம்பிய பெட்டிகள் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்தி நின்றன. பத்து மணிக்கு மழை கொட்டியது.

ஞாயிறு காலை, ஆராதனைக்குப் போகும் நோல்ட் வீட்டு வண்டி அவளைக் கடந்தது. கடிவாளம் பிடித்த கைகளும், பின்னால் பிள்ளைகள் மடியில் வைத்திருந்த கைகளும் மணிக்கட்டுவரை செக்கச்செவேல். காங்கார்டை வாடகை இயந்திரம்தான் பறிக்கும். அதில் யார் கையும் இப்படி ஆகாது. ஐவன் தொப்பியைத் தொட்டார். டார்லீன் கையசைத்தாள். அவ்வளவுதான்.

(அவள் வண்டியின் பின்னால் ஓடிப்போய் நன்றி சொல்வதாக ஒரு வடிவம் எழுதினேன். படித்துப் பார்த்தால் ஐவன் தவறு செய்து அகப்பட்டவர்போல விழித்தார். கிழித்துவிட்டேன்.)

4

சந்தோஷத்தை எழுத எனக்குக் கூச்சம் உண்டு. ஆனால் இதை அடக்கி வாசித்தால் பாவம்.

இரண்டு கோடை கழித்து மாவட்டக் கண்காட்சி. பெயரை மறைத்து வைத்த நாற்பத்தொரு சிவப்பு வைன்களில் முதல் பரிசு டார்லீனுக்கு. அறிவிப்பாளர் "சா... சபேரி..." என்று இரண்டு தடவை இடறினார். கூடாரத்தின் கடைசியிலிருந்து அவளே உரக்கச் சொன்னாள்: "சாபெராவி." கூடாரமே அதைத் திருப்பிச் சொல்லிக் கைதட்டியது. சாயந்தரத்துக்குள் பாதி இருப்பு விற்றுப்போனது. நிலத்தை இனி விற்க வேண்டியதில்லை.

"பேரைச் சரியா சொன்னாங்களா?" ஐவன் வேலியோரம் கேட்டார்.

"மூணாவது தடவைல."

"பரவால்லையே. நான் இன்னும் பழகிட்டிருக்கேன்."

5

அடுத்த மார்ச்சில் ஐவனுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. பிள்ளைகள் ஆனமட்டும் பழைய கிளைகளைக் கத்தரித்துக் கவாத்து செய்தார்கள். பள்ளத்தோரச் சரிவில் சில வரிசைகள் மட்டும் மிஞ்சின. மொட்டு விரிய இன்னும் சில வாரங்களே, அதற்குள் முடித்தாக வேண்டும்.

முடிவை இப்படி எழுதினேன்: ஞாயிறன்று, எல்லோரும் சபையில் இருக்கும்போது, டார்லீன் கத்தரியோடு... இல்லை. ஓய்வுநாளில் அவர் நிலத்தில் வேலை செய்தால் உதவி உபத்திரவமாகிவிடும். செவ்வாய் என்று திருத்துகிறேன். அன்று நோல்ட் குடும்பம் முழுவதும் வாடகை வேனில் பக்கத்து மாவட்டக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது.

அவள் வேலியைத் தாண்டுகிறாள். சரிவில் இறங்கி முதல் கொடியின்

இங்கே நிறுத்துகிறேன். யாரும் பார்க்கக் கூடாது என்று நாள் பார்த்து வந்திருக்கிறாள். நானும் நீங்களும் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தால் எப்படி? வாருங்கள், சாலைப் பக்கம் போவோம். வேன் திரும்பியபோது ஐவன் சரிவைப் பார்த்தாரா, பார்த்து என்ன நினைத்தார் என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் பின்னால் கத்தரிச் சத்தம் சீராகக் கேட்கிறது. நான் திரும்பவில்லை.