முன்னால் பதினைந்து, பின்னால் பதினேழு

"பதினஞ்சு இஞ்சு டயருன்னா அது பணியாரக் கல்லு மச்சான். அதை மாட்டிக்கினு டிராக்குக்குப் போனா, கேட்டுலயே நிறுத்தி சட்னி எங்கன்னு கேப்பானுங்க."

"டிராக்குக்கு ஒரு நாள்தானே போறேன். மத்த நாளெல்லாம் முடிச்சூர் ரோடுதானே."

"ரோட்டுக்காக வாழறவன் ஆட்டோ வாங்கணும். உனக்குக் காரு இன்னாத்துக்கு?"

பணியாரக் கல் என்று சொன்னவன் சக்திவேல். மேற்குத் தாம்பரத்தில் இன்று மூன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் அவன் அப்பா நெல் போட்டவர். நிலம் போய்விட்டது, டிராக்டர் மட்டும் அவர்கள் வீட்டு கார் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. முடிச்சூர் ரோட்டுக்காகப் பேசியவன் ஃபிரெடி. காருக்குச் சொந்தக்காரன் அவன்தான். ஏழு வருடம் ஓடிய சின்னக் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நாலு டயரும் வழுக்கையாகிவிட்டதால் மாற்றியே தீர வேண்டும். இருவருக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் நான், ஆபேல், எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியச் செயலாளர். எதிரே, டயர் கடைக்காரர் சிட்டிபாபு அண்ணன் கையில் சாக்பீஸோடு தீர்ப்புக்குக் காத்திருந்தார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்த விவாதம். மதியச் சாப்பாடு அங்கேயே வந்து, இலையும் எடுத்தாகிவிட்டது.

ஃபிரெடிக்கு முன்னால் இரண்டு நாட்கள் இருந்தன. சனிக்கிழமை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள், பெயர் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை, வீடுகளிலிருந்து காணிக்கையாக வருவதையெல்லாம் ஏலம் விடும் நாள். அன்று ஏலம் முடிந்ததும் யேசுதாசன் சார் குடும்பத்தை ஊரப்பாக்கத்தில் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டில் பெரிய பந்தயம் ஞாயிற்றுக்கிழமைதான்.

யேசுதாசன் சாரின் மகள் ஜெரூஷா, கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். அவளும் ஃபிரெடியும் ஒருவரையொருவர் விரும்பி இரண்டு வருடமாகிறது. அம்மா தபீதாளுக்குத் தெரியும், சபைக்குத் தெரியும், சிட்டிபாபு அண்ணனுக்குக்கூடத் தெரியும். சாரிடம்தான் இன்னும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முப்பது வருடம் லீவு லெட்டர் வாங்கிய கை அது. எந்த விண்ணப்பத்தை நீட்டினாலும் முதலில் அதில் தேதி சரியா என்று பார்க்கும். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அவர் சிரித்த முகத்தோடு இருப்பார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எதையாவது போட்டி போட்டு எடுத்த நாள். ஜெரூஷா ஃபிரெடியிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்: அன்றைக்கு வாசலில் இறங்கும்போது கேட்க வேண்டும், விட்டால் அடுத்த வருட ஏலம்தான்.

ஆனால் சாருக்கு முதுகு சரியில்லை. ஃபிரெடி எப்படி டயர் எண்களை மனப்பாடமாகச் சொல்வானோ, அப்படி அவர் தன் முதுகெலும்பின் எண்களைச் சொல்வார். எல் ஃபோர், எல் ஃபைவ். போன வருடம் அவரைக் கொண்டுபோய் விட்ட டீக்கனார் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டார். இன்றுவரை அவர் காணிக்கைப் பையை நீட்டினால் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

எனவே கேள்வி இதுதான்: ஒரே காரை, ஒரே நாலு சக்கரத்தில், சனிக்கிழமை தடத்திலும் ஞாயிற்றுக்கிழமை சாரின் முதுகுக்குக் கீழேயும் ஓட்ட வேண்டும்.

சிட்டிபாபு அண்ணன் தரையில் இரண்டு எண்களை எழுதியிருந்தார். 195/55 பதினைந்து. 205/40 பதினேழு. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். இரண்டில் எதை மாட்டினாலும் சக்கரத்தின் மொத்த உயரம் ஒன்றுதான், காரே கண்டுபிடிக்காது என்றார். பதினேழில் ரிம் பெரிது, ரப்பர் ஓர் அங்குலம் குறைவு. வளைவில் பிடிக்கும், பள்ளத்தில் இடிக்கும். இவ்வளவும் அவர் சரியாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு எண்களைக் கூட்ட ஆரம்பித்தார். பதினைந்து அங்குல டயரில் எல்லா இலக்கத்தையும் கூட்டினால் நாலு வருகிறது, ராகு. பதினேழு அங்குல டயரில் அதே மாதிரி கூட்டினால் ஒன்று, சூரியன். நாங்கள் அதையெல்லாம் நம்புவதில்லை என்று ஃபிரெடி சொன்னான். சொல்லிவிட்டு செல்போனில் குறித்துக்கொண்டான்.

முந்தின இரவே வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸப் குழுவில் இந்தக் கேள்வியை வைத்திருந்தோம். நாற்பத்தொரு பேர் கருத்துச் சொன்னார்கள். அதில் முப்பத்திரண்டு பேரிடம் கார் கிடையாது, அவர்களிடம்தான் சந்தேகமும் கிடையாது. ஜெரூஷா ஒரே ஒரு வரி போட்டிருந்தாள்: "நாலும் ஒரே அளவு, பதினைந்து, நல்ல ரப்பர்." அதற்கு ஏழு பேர் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். அதன் கீழே யாரோ ஒரு வெளிநாட்டுக் காரின் வீடியோவைப் போட, அந்த வரி மேலே ஏறி மறைந்துவிட்டது.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. எட்டு வருடத்துக்கு முன்னால் பாடகர் குழுவில் கிதார் வேண்டுமா, ஆர்கன் போதுமா என்று ஓட்டெடுத்து, அண்ணன் தம்பிகள் தனித்தனி பெஞ்சில் உட்காரும் நிலை வந்தது. அன்றிலிருந்து எதுவானாலும் இரு தரப்புக்கும் பாதி. ஒரு வாரம் கிதார், ஒரு வாரம் ஆர்கன். பண்டிகைச் சாப்பாட்டில் பாதிப் பந்திக்கு பிரியாணி, பாதிப் பந்திக்கு சாம்பார் சாதம். சண்டை வராத தீர்மானம் எழுதுவதில் எனக்குப் பேர் உண்டு. எனவே சிட்டிபாபு அண்ணன் மூன்றாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தபோது நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன்.

"முன்னால ரெண்டும் பதினஞ்சு. பின்னால ரெண்டும் பதினேழு."

நான் விளக்கினேன். சார் பெரிய மனிதர், முன் சீட்டில்தான் உட்காருவார். அங்கே ரப்பர் அதிகம், மெத்தை மாதிரி இருக்கும். தடத்துக்கு வேண்டிய பிடிமானம் பின்னால் இருக்கட்டும்.

எதிர்ப்பான் என்று நினைத்த சக்திவேல் கண் கலங்காத குறையாக என் தோளைத் தட்டினான். "எங்க வூட்டு டிராக்டரு அப்டித்தான்டா கீது. முன்னாடி சின்னது, பின்னாடி பெருசு. சேத்துலயே போவுது. தார் ரோட்டுல போவாதா?"

இந்தக் காரை இழுப்பது முன் சக்கரங்கள், டிராக்டரைத் தள்ளுவது பின் சக்கரங்கள் என்பதை எங்கள் மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. சிட்டிபாபு அண்ணன் யோசித்திருக்க வேண்டும். மாட்டித் தருகிறேன், ஆனால் பில்லில் கடை பெயர் வராது என்று மட்டும் சொன்னார்.

புதுச் சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வந்தார். ஃபிரெடி தயங்கினான். அதையும் நானே தீர்த்துவைத்தேன். முன் சக்கரம் இரண்டுக்கும் எலுமிச்சம்பழம், பின் சக்கரம் இரண்டுக்கும் ஜெபம். கார் ஒரே சமயத்தில் நசுக்கியும் ஆசீர்வதிக்கப்பட்டும் கடையை விட்டு இறங்கியது.

சனிக்கிழமை படப்பை, ஒரகடம் வழியாகப் போனோம். தடத்தின் வாசலில் வண்டிகளைப் பரிசோதிக்கிறவர் எங்கள் காரின் முன்பக்கம் குனிந்து பார்த்தார், பின்பக்கம் போய்ப் பார்த்தார், திரும்பவும் முன்பக்கம் வந்தார். இரண்டும் ஒரே வண்டிதானா என்று கேட்டார். சக்திவேல், இது எங்கள் ஊர் செட்டிங் என்றான். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மெதுவாக ஓட்டுபவர்களின் வரிசையில் சேர்த்துவிட்டார்.

ஃபிரெடி நேர்க்கோட்டில் அழகாகப் போனான். முதல் வளைவு வந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பினான். முன் சக்கரங்கள் திரும்பின. கார் திரும்பவில்லை. பின்னால் இருந்த அகலமான புது ரப்பர் தார் ரோட்டை விடாமல் கவ்விக்கொண்டு, முன்பக்கத்தை நேராகத் தள்ளிக்கொண்டு போனது. ஏதோ ஊருக்குப் பஸ் பிடிக்கப் போகிறவன் போல ஃபிரெடி தடத்தை விட்டு வெளியேறி, சரளைக் கற்களில் நின்றான். அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே மாதிரி. மூன்றாவது சுற்றில் கொடி பிடித்து நின்றவர் கொடியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். மேலே கேரியர் கட்டிய ஒரு டாக்ஸி எங்களை முந்தியது. அன்றைக்கு வந்த கார்களில் கடைசி இடம் எங்களுடையது. திரும்பி வரும்போது ஃபிரெடி, நேராகப் போவதில் இந்த செட்டிங்கை அடிக்க முடியாது என்றான். சக்திவேல் அதை ஒப்புக்கொண்டான்.

சக்கரத்தை மாற்ற நேரமில்லை. பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. தடம்தான் கைவிட்டது, முன் சீட்டு இன்னும் மெத்தையாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் பூசணிக்காய் போனது, வாழைத்தார் போனது, ஒரு சேவல் போனது. கடைசியாக, பெண்கள் ஐக்கியம் செய்த மூன்றடுக்கு கேக் வந்தது. உச்சியில் சர்க்கரையில் எங்கள் சபைக் கோபுரம், மணியோடு. யேசுதாசன் சார் கையை உயர்த்தினார், உயர்த்திய கையை இறக்கவேயில்லை. கேக் அவருக்கு விழுந்தபோது அவர் சிரித்தார். ஜெரூஷா ஃபிரெடியைப் பார்த்தாள். ஃபிரெடி கார் சாவியைப் பார்த்தான்.

காரின் முன்கதவை அவன் பணிவோடு திறந்து பிடித்தான். சார் ஏறவில்லை. டிக்கியில் வைத்தால் கேக் உருகிவிடும், ஏசி முன்னால்தான் நன்றாக வரும் என்று கணக்குப் போட்டார். தபீதாள் ஆண்டியை முன்னால் உட்காரவைத்து, அவர் மடியில் கேக்கை ஏற்றினார்.

"அங்கிள், நீங்க முன்னால உட்காருங்க. கேக்கை ஆபேல் பிடிச்சுக்குவான்."

"கேக்குக்குத்தான் இன்னைக்கு முதல் மரியாதை தம்பி," என்று சொல்லிவிட்டு சார் பின்னால் ஏறி, இடது பக்கம், சரியாகப் பின் சக்கரத்துக்கு மேலே அமர்ந்தார். நடுவில் ஜெரூஷா. வலது ஓரத்தில் நான், ஏலத்தில் அவர் எடுத்த இன்னொரு பொருளான சேனைக்கிழங்கோடு. ஜெரூஷா ஏறுவதற்கு முன்னால் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சேனைக்கிழங்கைப் பார்த்தேன்.

ஜிஎஸ்டி ரோடு நல்ல ரோடு. பெருங்களத்தூரும் வண்டலூரும் சுகமாகக் கடந்தன. சார் ஏலத்தை முதலிலிருந்து திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊரப்பாக்கத்தில் உள்ளே திரும்பினோம். அங்கே புது நகர்களில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டி முடிந்ததும் மிச்சமாகும் கான்கிரீட்டை அவரவர் வாசலில் வேகத்தடையாகக் கொட்டிவிடுவார்கள். சார் வீடு வரைக்கும் ஒன்பது. ஒன்பதாவது சார் கொட்டியது. மேஸ்திரியைப் பக்கத்தில் நின்று மேய்த்து, தெருவிலேயே உயரமாக.

முதல் தடையில் சார் பேச்சை ஒரு நொடி நிறுத்தி, தொடர்ந்தார். இரண்டாவதில் தொடரவில்லை. மூன்றாவதில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தார்.

"எவ்வளவு பதமா ஓட்டுறான் பாருங்க," என்றார் தபீதாள் ஆண்டி திரும்பாமல். "கோபுரத்து மணிகூட ஆடலை."

நான்காவதில் சார், "எல் ஃபோர்," என்றார். ஐந்தாவதில் அடுத்த எண்ணைச் சொன்னார். ஆறும் ஏழும் அடுத்தடுத்து இருந்தன. எட்டாவதில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஃபிரெடி கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு, நடைவேகத்துக்கும் கீழே இறக்கி, முன் சக்கரங்களை ஒன்பதாவதின் மேல் பூப்போல ஏற்றி இறக்கினான். பின் சக்கரங்கள் தலைமையாசிரியர் கொட்டிய கான்கிரீட்டை நேருக்கு நேர் சந்தித்தன. சத்தம் டயரிலிருந்து வந்ததா, சாரிடமிருந்து வந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது.

கார் வாசலில் நின்றது. ஃபிரெடி ஓடிவந்து கதவைத் திறந்தான். சார் ஒரு காலை வெளியே வைத்தார், அவன் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு எழுந்தார், பாதி எழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

"பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார் தபீதாள் ஆண்டி, பழகிய குரலில். இந்த மாதிரி ஆனால் பத்து நிமிடம் அசைக்கக் கூடாது, கையை விடாதே தம்பி என்று சொல்லிவிட்டு, ஒரு கீறலும் இல்லாத கேக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

இருவரும் கைகோத்தபடி நின்றார்கள். சார் மெதுவாகத் தலையைத் திருப்பி, முன் சக்கரத்தைப் பார்த்தார். பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"என்ன அளவு இது?"

ஃபிரெடி சொன்னான். மறைக்கத் தெரியாதவன்.

"யார் யோசனை?"

நான் சேனைக்கிழங்கை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டேன். ஃபிரெடி என் பெயரைச் சொல்லவில்லை. கேட் பக்கத்தில் நின்றிருந்த ஜெரூஷா அவனைப் பார்த்து, கேள் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தாள். சார் முகத்தில் ஏலத்தின் சிரிப்பு எங்கேயும் மிச்சமில்லை. ஆனால் எழுந்து போகவும் அவரால் முடியாது. இனி எந்த வருடமும் அவர் இப்படி ஓரிடத்தில் பத்து நிமிடம் நிற்கப் போவதில்லை. ஃபிரெடி அவர் கையை விடாமலே சொன்னான்.

"நாளைக்கே நாலையும் ஒரே அளவா மாத்திடறேன் அங்கிள். ஜெரூஷாவை எனக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுங்க."