வண்டிக்குத் தைத்த சட்டை

“பெயிண்ட் காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்தாத்தானே தெரியும்? தொட்டா கெட்டுப்போயிடும்னா, அப்புறம் எப்படிப்பா தெரிஞ்சுக்கறது?”

ஏழு வயது மகள் ஒரு நாள் இப்படிக் கேட்டாள். டெய்லரின் வாயில் அப்போது இரண்டு குண்டூசிகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, “நாளைக்குச் சொல்றேன்” என்றார்.

தெருவில் அவருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். சட்டை கேட்டு வந்தாலும் பாவாடை கேட்டு வந்தாலும் சிரித்த முகத்தோடு அவர் சொல்வது அந்த ஒரு சொல்தான். தையலில் குறை சொல்ல யாராலும் முடியாது. தைத்து வாங்குவதற்குள்தான் உயிர் போய்விடும். பக்கத்து வீட்டுத் தச்சர் ஒரு பேன்ட் துணி கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. “டெய்லரே, நான் கொடுத்தது துணியா, விதையா? இன்னும் முளைக்கலையே!” என்று மதில் மேலிருந்து தினமும் ஒரு குரல் வரும்.

டெய்லரின் மனைவி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். அவளுடைய மோட்டார் சைக்கிள் அவள் அப்பா ஓட்டியது. ஒரு காலத்தில் நல்ல அடர் சிவப்பு. இப்போது பெட்ரோல் சிந்திச் சிந்தி டேங்க் வெளுத்து, செதில் செதிலாக உரிந்து கிடந்தது. “நான் அடிச்சுத் தர்றேன்” என்று டெய்லர் சொல்லி மூன்று வருடம் ஆயிற்று. முதல் வருடம் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வருடம் கிண்டல் செய்தாள். பயிற்சிக்காகப் பன்னிரண்டு நாள் வெளியூர் கிளம்பிய அன்று, வண்டியை ஒரு தடவை துடைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

அந்த மௌனம்தான் டெய்லரைக் குத்தியது. திட்டுகிறவள் இன்னும் நம்புகிறாள் என்று அர்த்தம். கேட்பதையே நிறுத்திவிட்டாள் என்றால்? அவள் திரும்பி வரும் அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த ஒரு வேலையையாவது முடித்துவிட வேண்டும் என்று கடவுளிடம் சொல்லிக்கொண்டார். வாடிக்கையாளர்களிடம் சொல்வது போல இல்லாமல், உண்மையாகவே சொன்னார்.

பெயிண்ட் கடை அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிக் கொடுத்தாள். “பெட்ரோலைச் சுத்தமா வடிச்சுட்டு டேங்கைக் கழட்டு. பழைய பெயிண்டை உப்புத்தாள்ல தண்ணி விட்டுத் தேய். முதல்ல பிரைமர்னு அடிப்பூச்சு, அப்புறம் கலர், கடைசியா பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர். எல்லாமே மெல்லிசா அடிக்கணும். ஒரே தடவையில மொத்தமா அடிச்சா அழுதுகிட்டே வழியும். முகமூடி இல்லாம ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதே. ஜன்னலை மூடினா உன் மூச்சு போயிடும். திறந்தா தூசி வரும். அதனால தூசி இல்லாத நேரமா பாத்து அடி.”

தூசி இல்லாத நேரம் என்றால் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைதான். டேங்கைக் கழற்றி வைத்திருந்த பின்னறையின் ஜன்னல் தச்சரின் முற்றத்தைப் பார்த்திருந்தது. மற்ற நாட்களில் அங்கே அறுக்கும் மெஷின் ஓடும். மரத்தூள் மாவு போல எழும்பி வரும்.

நான்கு நாள் டெய்லர் தேய்த்தார். இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, டப்பாவுக்கும் டேங்குக்கும் நடுவில் பத்து இன்ச் அளந்து அளந்து அடித்தார். மகளுக்கு அறைக்குள் அனுமதி இல்லை. கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். ஞாயிறு மாலை கிளியர் அடித்து முடித்ததும் டேங்க் அப்போதுதான் பறித்த பழம் போல மின்னியது.

“அப்பா, அதுல என் மூக்கு தெரியுது!”

“உன் மூக்கு எங்கேயும் தெரியும். தள்ளி நில்லு.”

அன்று இரவு டெய்லருக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பல்லி விழுந்தால்? ஒரு பூச்சி உட்கார்ந்தால்? திங்கட்கிழமை காலையில் எழுந்ததும் தையல் மெஷினில் உட்கார்ந்தார். இருப்பதிலேயே மென்மையான துணியை எடுத்தார். டேங்கைத் தொடாமல் கண்ணாலேயே அளவெடுத்தார். கழுத்துப் பக்கம் ஒரு சுருக்கு, வயிற்றுப் பக்கம் இரண்டு மடிப்பு, அடியில் இழுத்துக் கட்ட நாடா. ஒரு மணி நேரத்தில் உறை தயார். அவர் வாழ்க்கையில் ‘நாளைக்கு’ என்று சொல்லாமல் தைத்த முதல் உருப்படி அதுதான். மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினார். சுருக்கம் விழாமல் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு தகப்பன் மாதிரி நின்று ரசித்தார்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்த மகள் பார்க்க ஆசைப்பட்டாள். டெய்லர் நாடாவை அவிழ்த்து உறையைக் கழற்றினார்.

டேங்க் முழுக்கத் துணியின் இழை பதிந்திருந்தது. நடுவே ஒரு தையல் கோடு, புள்ளி புள்ளியாக, நேராக. மேலே காய்ந்திருந்த கிளியர் உள்ளே இன்னும் இளக்கமாகவே இருந்திருக்கிறது.

“அப்பா,” என்றாள் மகள் மெதுவாக, “வண்டி சட்டை போட்டுக்கிச்சு.”

டெய்லர் “ஐயையோ!” என்று கத்தித் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் மதிலுக்கு மேல் தச்சரின் தலை தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்.

“வண்டிக்குக்கூடத் தச்சாச்சா? எனக்கு மட்டும்தான் பேன்ட் இல்லையா, டெய்லரே?”

“போய்யா, அந்தப் பக்கம்!”

“மாமா, சிரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை அம்மா வந்துடுவாங்க,” என்றாள் மகள்.

தச்சர் சிரிப்பை நிறுத்தினார். தலை கீழே இறங்கியது.

பெயிண்ட் கடை அக்கா போனில், மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்கும் குரலில், முதலில் நன்றாகத் திட்டினாள். “ஊர்ல எல்லாருக்கும் நாளைக்கு நாளைக்குன்னு சொல்றே, இதுக்கு மட்டும் உனக்கு என்னய்யா அவசரம்? நாளைக்குன்னு சொல்ல வேண்டிய ஒரே இடத்துல சொல்லாம விட்டுட்டியே!” பிறகு கோபம் இறங்கியது, குரல் இறங்கவில்லை. “ரெண்டு நாள் அப்படியே விடு, இறுகட்டும். வியாழக்கிழமை நைஸ் உப்புத்தாள்ல தண்ணி விட்டுத் தேய்ச்சு சமப்படுத்து. மறுபடி ஒரு கிளியர் அடி. அப்புறம் காத்தைத் தவிர எதுவும் அதைத் தொடக்கூடாது.”

வியாழக்கிழமை வேலை நாள். தச்சரிடம் மெஷினை நிறுத்தச் சொல்லலாம். இரண்டு மாதமாகப் பேன்ட் தராதவன் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? டெய்லர் கேட்கவில்லை. தேய்த்தார், துடைத்தார், தரையில் தண்ணீர் தெளித்தார். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, மெஷின் கத்தப்போகும் நொடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

கத்தவில்லை. முதல் பூச்சு முடிந்தது. அப்போதும் கத்தவில்லை. மூன்றாவது பூச்சும் முடிந்து முகமூடியைக் கழற்றியபோது வெளியே டொக், டொக் என்று சின்னச் சத்தம் மட்டும் வந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தச்சரின் மெஷின் மேல் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. முற்றத்துத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்து நனைத்திருந்தது. அறுக்க வேண்டிய பலகைகள் ஓரமாக அடுக்கிக் கிடக்க, தச்சர் முக்காலியில் உட்கார்ந்து, வளைந்த பழைய ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஒரு முழு நாளை யாராவது ஆணி நிமிர்த்தியே கழிப்பார்களா?

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. டெய்லரும் கூப்பிடவில்லை. சில நன்மைகளை வாய் விட்டுச் சொன்னால், செய்தவர் கூச்சப்பட்டுப் போவார். டெய்லர் நேரே முன்னறைக்கு வந்து, அலமாரியின் அடியிலிருந்து அந்தப் பேன்ட் துணியை எடுத்துத் தூசி தட்டினார். மறுநாள் காலை பேன்ட் தச்சர் வீட்டில் இருந்தது.

“உடம்பு சரியில்லையா, டெய்லரே?” என்றார் தச்சர் கவலையோடு. நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவி பையோடு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“ஏங்க, இது யாரோட வண்டி?”

“உன்னோடதுதான்.”

அவள் பையைக் கீழே வைத்தாள். வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். குனிந்து சீட்டுக்கு அடியில் டேங்க் முடியும் இடத்தைப் பார்த்தவள் அங்கேயே நின்றாள். அங்கே கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் டெய்லர் தேய்க்காமல் விட்டிருந்தார். புள்ளி புள்ளியாக ஒரு தையல் கோடு.

“இது என்னங்க, தையலா?”

மகள் முந்திக்கொண்டு கதை முழுவதையும் நடித்தே காட்டினாள். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். பிறகு டெய்லரைப் பார்த்துச் சொன்னாள்: “அப்பா இருந்திருந்தா உங்களைத் திட்டியிருப்பார். அப்புறம் ஊரெல்லாம் ஓட்டிக் காட்டியிருப்பார்.”

பெயிண்ட் கடை அக்கா சொன்னதையெல்லாம் டெய்லர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். பெட்ரோல் போடும்போது டேங்க் வாயைச் சுற்றித் துணி வை. சிந்தினால் உடனே ஒற்றி எடு, தேய்க்காதே. காய்ந்த துணியால் தூசி துடைக்காதே, தண்ணீர் விட்டுக் கழுவு. சாவிக்கொத்தை டேங்கில் இடிக்கும்படி தொங்க விடாதே. கடைசியாகப் புதிதாய்த் தைத்த உறையை நீட்டினார். “உன் பை உரசாம இருக்க இதைப் போடணும். ஆனா இப்ப வேண்டாம்.”

“எப்போ?” என்றாள் அவள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் தாயும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள்: “நாளைக்கு!”

அதன் பிறகு ஒரு மாதம் டெய்லர் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொன்ன தேதிக்குச் சட்டைகள் போயின. பட்டப்பெயர் மெல்ல மறக்கப்பட்டது. அவருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

ஒரு நாள் காலை, பஞ்சு மூட்டையைப் பின்னறையில் அவிழ்த்து வைத்து, பத்துத் தலையணைகளுக்குப் பஞ்சு அடைக்க உட்கார்ந்தார். சாயங்காலம் கொடுக்க வேண்டும். தற்செயலாக ஜன்னல் பக்கம் கண் போனது. தச்சரின் முற்றத்தில் ஒரு பெரிய சாப்பாட்டு மேஜை, ஈர வார்னிஷோடு, வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. தச்சர் ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். டெய்லரின் மனைவி வேலையில், மகள் பள்ளியில்; பார்க்க யாரும் இல்லை. காற்று டெய்லர் வீட்டிலிருந்து தச்சர் பக்கம் வீசியது. ஒரு பஞ்சு இழை எழும்பி ஜன்னலை நோக்கி மிதந்தது.

டெய்லர் எட்டி அதைக் கையில் பிடித்தார். ஜன்னலை மூடினாலும் இடுக்கு வழியே பஞ்சு பறக்கும்; மூட்டையின் வாயையே இறுக்கிக் கட்டினார். மின்விசிறியை நிறுத்தினார். தரையில் தண்ணீர் தெளித்தார். வியர்த்து ஊற்ற, பழைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தபடி அந்தி வரை உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் தலையணைக்காரம்மா வந்தாள்.

டெய்லர் சிரித்த முகத்தோடு, “நாளைக்கு,” என்றார்.

“மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் போனாள்.

அவள் போனதும் டெய்லர் ஜன்னலருகே வந்தார். மேஜை ஒரு தூசி இல்லாமல் மின்னியது. காய்ந்திருக்குமா என்று தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போனார்.