ஓடைக்கரைக்குப் போன ஓடுதளம்

எங்கள் ஊர் ஓடுதளம் மனம் நொந்தால் எழுந்து போய்விடும். அதிக தூரம் போகாது. அதற்குச் சரள் மண் வெட்டிய ஓடைக்கரை ஊருக்கு மேற்கே இருக்கிறது. அங்கே போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துக்கொள்ளும். கரிசல் காட்டில் சரள் பரப்பிப் போட்ட ஓடுதளங்கள் எல்லாமே இப்படித்தான். பக்கத்து ஊரில் ஒன்று, தன்னைக் கேட்காமல் தன் மேல் கல்யாணப் பந்தல் போட்டார்கள் என்று போய், மழைக்காலம் முடிந்துதான் திரும்பியது.

என் மனைவி ஆவுடையும் நானும், பெட்டிகளில் பிரித்து வந்த சிறிய விமானம் ஒன்றை மிளகாய் வற்றல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வைத்துப் பாகம் பாகமாகப் பூட்டிச் சேர்த்தோம். இறக்கையும் வாலும் என் வேலை, எஞ்சின் அவளுடையது. சக்கரம் பொது. கரடுமுரடான தரையில் இறங்குவதால் ஒவ்வொரு முறையும் போல்ட்டுகளை முடுக்க வேண்டும், விசிறியில் கல் தெறித்த இடத்தை அரத்தால் ராவ வேண்டும். டயரில் காற்றைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கினால் பழுத்த கொய்யா மாதிரி உள்ளே போகவேண்டும். சரளில் துள்ளாமல் இறங்க அதுதான் வழி. ஓடுதளத்துக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதையும் அதுதான்.

அன்று மாமனார் கோமதிநாயகம் முதல் தடவையாக விமானத்தைப் பார்க்க வந்தார். மகளை ஒரு மெக்கானிக்குக்குக் கட்டிக்கொடுத்ததில் அவருக்கு மனக்குறை உண்டு. காற்றுக் குறைந்த டயரோடு விமானம் குந்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பஞ்சர் என்று நினைப்பாரே என்று எனக்குத் தோன்றியது. ஆவுடை பெட்ரோல் வடிகட்டிக்கொண்டிருந்தபோது பம்பை எடுத்து, கை வலிக்கும்வரை அடித்தேன். விமானம் எடுப்பாக நின்றது. நானும் பக்கத்தில் எடுப்பாக நின்றுகொண்டேன்.

முதலில் நான் ஒரு சுற்றுப் போய் இறங்கினேன். விமானம் துள்ளித் துள்ளி ஒரு வழியாக நின்றது. மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு முகம் எரிந்தது. இறங்கி வந்து, சிரித்துக்கொண்டே, "ரன்வே சரியில்ல மாமா, ஒரே மேடு பள்ளம்" என்றேன்.

ஓடுதளத்தின் காதில் அது விழுந்தது. அடுத்து ஆவுடை ஏறி ஓட்டினாள். ஓட்டத்தின் நடுவில் எழுந்திருக்க மனம் வராமல், ஓடுதளம் சக்கரம் தரையை விடும்வரை பொறுத்திருந்தது. பிறகு எழுந்து, ஆட்டுப் புழுக்கையை உதறிவிட்டு மேற்கே நடந்தது. அது கிடந்த இடத்தில் வெடிப்பு விட்ட கரிசல்தான் இருந்தது. அதில் இறங்கினால் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புற விழும். டாங்கில் பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். டயர் கல்லாக இருப்பது அவளுக்குத் தெரியாது.

போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் மாமனார்.

பைக்கை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். ஓடுதளம் கருவேல நிழலில் நீளமாகப் படுத்திருந்தது. தப்பு என்னுடையது என்றேன். காற்று அடித்த கதையை ஒன்று விடாமல் சொன்னேன். அங்கே வேறு யாரும் இல்லாததால் எல்லாம் சுலபமாக வாயில் வந்தது. அப்படி வந்தது எனக்கே கேவலமாக இருந்தது.

ஓடுதளம் திரும்பாமலே பேசியது. "துள்ளுனதுக்காக நான் இங்க வரல. அது நெதமும் வாங்குறதுதான். யாரு முன்னால என்னயச் சொன்னீகளோ, அவுக முன்னால இதச் சொல்லுங்க."

நான் முன்னால் வர, அது பின்னாலேயே வந்து, காட்டு ஓரத்தில் நின்றது. மேலே எஞ்சின் சத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. மாமனாரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ரன்வே மேல தப்பில்ல மாமா. நாந்தான் டயர்ல காத்து கொஞ்சம் கூட வச்சிட்டேன்."

அந்தக் 'கொஞ்சம்' எங்கிருந்து வந்ததோ தெரியாது. நான் ஒத்துக்கொண்ட அளவுக்கு மட்டும் ஓடுதளம் வந்து பழைய இடத்தில் படுத்தது. கிழக்குக் கோடியில் ஓர் ஆள் நீளம் குறைந்தது. நான் விழுங்கிய மீதி அவ்வளவுதான் இருந்திருக்கிறது. பதறிப்போய், உங்கள் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியவேண்டும் என்றுதான் அடித்தேன் மாமா என்று மீதியையும் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் ஒருமுறை படுத்துவிட்ட ஓடுதளம் பிறகு நீளாது.

ஆவுடை தாழப் பறந்து வந்துகொண்டிருந்தாள். கிழக்குக் கோடிக்கு ஓடி, குறைந்த இடத்தில் நான் குப்புறப் படுத்துக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது.

அவள் நன்றாகத்தான் இறக்கினாள். இருந்தும் விமானம் துள்ளியது, நிற்காமல் ஓடியது, கடைசியில் சக்கரம் என் முதுகில் ஏறி நின்றது. எவ்வளவு காற்று அடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆவுடை இறங்கி, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உட்கார்ந்து, வால்வைத் திறந்து, காற்றைப் பிடுங்கினாள். வெகு நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் முடிவதற்குள் மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

ஆவுடையும் மாமனாரும் விமானத்தைக் கிட்டங்கிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் எழுந்தால் ஓடுதளம் குறையும் என்பதால் அங்கேயே இருந்தேன்.

விடிந்ததும் மாமனார் சட்டியும் கையுமாக ஓடுதளத்தில் கல் பொறுக்க வந்தார். மேற்குக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு என் தோள்வரை வந்து, நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"கால் வச்சுக்கிடலாமா மாப்பிள்ள?" என்று கேட்டார்.

"வைங்க மாமா" என்றேன்.