அவன் படம் எடுத்த இடங்கள்

கேரவன் வாடகைக்கு விடும் அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு எங்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த வயதில் புருஷனும் பெண்டாட்டியும் மலை பார்க்கக் கிளம்புகிறார்களே என்று அவளுக்குப் பூரிப்பு. மேசையில் வரைபடத்தை விரித்து, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"எந்த மாதிரி இடத்துல ராத்தங்க ஆசை மேடம்? ஏரியா, அருவியா, பள்ளத்தாக்கா?"

நான் கைபேசியை நீட்டினேன். "இந்தப் படத்துல இருக்கிற இடமெல்லாம் வேணும். இதே வரிசையில."

படங்களை எடுத்தவன் என் மகன். அதை அவளிடம் சொல்லவில்லை. அவனுக்கு வலிப்பு நோய். மாத்திரையை விட்டால் எந்த நேரமும் வரும், வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பார்சல் வண்டி ஓட்டிப் பிழைத்தவனிடம் போய் அதைச் சொன்னால் கேட்பானா? "மாத்திரை போட்டா மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கும்மா" என்பான். இவர் சாவியைப் பிடுங்கி ஒளித்து வைத்தார். அவன் சிநேகிதனுடைய பழைய வேனை வாங்கிக்கொண்டு, மாத்திரைப் பெட்டியை ஃபிரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். கூப்பிட்டால் எடுப்பதில்லை. தினம் ஒரு படம் மட்டும் என் கைபேசிக்கு வரும். மலை, தண்ணீர், மேகம். ஒரு வார்த்தை இருக்காது. படம் வந்தால் பிள்ளை உயிரோடு இருக்கிறான். அதற்குப் பிறகுதான் என் தொண்டையில் எதுவும் இறங்கும்.

போலீஸுக்கும் போனோம். வயது வந்த பிள்ளை, தினம் படம் அனுப்புகிறான், இதில் காணாமல் போனது யாரு என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெண் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த இடங்கள். "இது அணைக்கட்டுக்கு மேல இருக்கிற திருப்பம். இது அருவிக்குப் பின்னாடி. உங்க ஃபிரெண்டு நல்ல ரசனைக்காரர் மேடம்."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை இவ்வளவு சிரித்த முகத்தோடு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ரசனைக்காரனாம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போது கை வெட்டி இழுத்தால் அந்தத் திருப்பத்தில் அவனுடைய ரசனை என்ன செய்யும்?

சிவப்புக் கோடு வளைந்து வளைந்து ஏறியது. "இதே வழியில போனா அடுத்து பைன் காடு. அதுக்கு மேல பழைய ரோட்டுல போனா காட்சி அள்ளும், ஆனா உங்க வண்டி அதுல நுழையாது. நீங்க சுரங்கப் பாதையில போயிடுங்க. ரெண்டு வழியும் ஏரிகிட்டதான் சேரும். அதைத் தாண்டினா கணவாய்." பேனாவை மூடினாள். "பனி விழுந்தா மலை ரோட்டு கேட்டை மூடிடுவாங்க சார். அப்புறம் வசந்தம் வந்தாதான் திறப்பாங்க."

அவன் கணவாயைத் தாண்டிவிட்டால் வசந்தம் வரை எட்ட முடியாது. இவர் மட்டும் சுற்றுலாப் பயணி மாதிரி தலையாட்டினார்.

வண்டி என்னவோ சொகுசு வண்டிதான். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் அலமாரிக் கதவுகள் திறந்து திறந்து மூடின. நான் மாத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று கேலி பேசுவார்கள். எங்களுக்கு அந்த எலி கிடைத்தால் போதும்.

அணைத் திருப்பத்தில் அவன் நின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். படத்தில் இருந்த பாறை, படத்தில் இருந்த வேலி. வேன் இல்லை. அருவிக்குப் பின்னால் போனோம். அங்கே டயர் அழுத்திய புல் இன்னும் நிமிரவில்லை. வேன் மட்டும் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் அவன் போன பிறகே போய்ச் சேர்ந்தோம்.

"உங்களுக்கு வேகமா ஓட்டத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"இது நாலு சக்கரத்துல ஓடுற வீடும்மா. உருண்டா மூணு பேருக்கும் சேர்த்து யாரு அழுறது?" என்றார். மூன்று பேர் என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மேல்மலையில் ஏறும் முன் கடைசிச் சிற்றூரில் பைன் காட்டின் படம் வந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஏறினோம். மரங்களுக்கு நடுவே சாம்பல் ஆறிய கற்கள் கிடந்தன. அடுத்த படம் வந்திருக்கிறதா என்று கைபேசியைப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

"ஏங்க, இங்க டவரே இல்லையே. அவன் எப்படி இங்க இருந்து அனுப்பியிருப்பான்?"

இவர் முப்பது வருஷமாகக் கைபேசிக் கோபுரங்களில் ஏறி ரிப்பேர் பார்த்த மனிதர். எந்த மேட்டில் சிக்னல் எடுக்கும், எந்தப் பள்ளத்தில் எடுக்காது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவர் தலையில் கைவைத்துக்கொண்டு அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க எடுத்திருக்கான். மறுநாள் சிக்னல் இருக்கிற மேட்டுக்குப் போய் அனுப்பியிருக்கான். படம் நம்ம கைக்கு வரும்போது அவன் அடுத்த இடத்துல இருந்திருக்கான்." எழுந்தார். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். பிள்ளைன்னதும் படிச்சதெல்லாம் மறந்துபோச்சு."

அப்படியானால் காட்சி தேடிப் போகிறவன் இப்போது பழைய சாலையில் இருக்கிறான். எங்கள் வண்டி அதில் நுழையாது. சுரங்கப் பாதையில் போனால் அவனுக்கு முன்பே ஏரிக்குப் போய்விடலாம். முதல் முறையாக அவன் வருவதற்கு முன்னால் நாங்கள் இருப்போம். இவர் ஓட்டிய ஓட்டத்தில் அலமாரியிலிருந்து ஒரு தட்டு விழுந்து உடைந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் யாரும் இல்லை. சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வண்டியை நிறுத்தச் சொன்னேன். அம்மா அப்பா இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வந்துவிடுவான் என்று நினைத்தேன். என்ன கோபம் இருந்தாலும் வந்துவிடுவான். வந்ததும் என்ன பேசுவது என்று இவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். "சாவியைப் பத்திப் பேசாதீங்க. சாப்பிட்டியான்னு மட்டும் கேளுங்க." சரி சரி என்றார். வண்டிக்கும் மரத்துக்கும் கயிறு கட்டித் துணி காயப்போட்டேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் கண்ட கண்டதை நினைத்தேன். பழைய சாலையில் தடுப்புச் சுவர் கிடையாது என்று இவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒரு காக்கை கத்தினாலும் அவன் குரலாகக் கேட்டது.

மூன்றாம் நாள் மாலையில் சாலைத் துறை ஜீப் வந்தது. காலையில் கேட்டை மூடுகிறோம், இறங்கிவிடுங்கள் என்றார் அதில் வந்தவர். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பழைய ரோட்டுல ஒரு வேன் நிக்குதான்னு மட்டும் பாருங்க சார். எம்புள்ள. உடம்பு சரியில்லாதவன்."

"அந்த ரோடு முழுக்கப் பார்த்துட்டுதான் வர்றேங்க. காலியா இருக்கு. ஒரு வெள்ளை வேன் முந்தாநாள் ராத்திரியே கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிடுச்சாம்."

வெள்ளை வேன் அவனுடையதுதான். நாங்கள் ஏரிக்கு வந்த அன்றே தாண்டியிருக்கிறான். இருட்டில் எங்களைப் பார்க்காமல் போய்விட்டான் போலிருக்கிறது என்றார் இவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காலையில் இறங்கினோம். எங்களுக்குப் பின்னால் கேட்டை மூடிச் சங்கிலி போட்டார்கள். பனி விழ ஆரம்பித்திருந்தது. சிற்றூர் கண்ணில் பட்டதும் கைபேசி ஒலித்தது.

படம் வந்திருந்தது. ஏரி. கரையில் ஒரு பெரிய கேரவன். கயிற்றில் துணிகள். எல்லாம் உயரத்திலிருந்து, பழைய சாலை முடிகிற சரிவிலிருந்து எடுத்தது. துணிகளுக்குப் பக்கத்தில் வெயிலுக்காக நெற்றியில் கைவைத்துக்கொண்டு ஒரு பெண் மேலே பார்க்கிறாள். நான்தான். நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்தது பாறையும் வானமும்தான்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இவரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"படம் ஆடாம இருக்கு பாரு. கை நடுங்கல அவனுக்கு."

"ஆமாங்க" என்றேன்.

"மாத்திரை வாங்கிப் போடுறானோ என்னவோ."

"இருக்கும்."

கூப்பிடு தூரத்தில்தான் நின்றிருக்கிறான். அவன் ஒரு தடவை அம்மா என்றிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.