ஜன்னலோர மேசை

சக்கர நாற்காலி பாரின் வாசற்படியில் இடித்து நின்றது. ஜூடித் அதைப் பின்னுக்கு இழுத்து, ஒரு பக்கமாகத் தூக்கி, அப்பாவை உள்ளே ஏற்றினாள். பார் இருந்த ஓட்டலுக்கு முந்நூறு வயது. கட்டியவர்கள் குதிரை வண்டிகளை நினைத்துக் கட்டியிருந்தார்கள்.

டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்பா நார்மன் கேட்டது ஒன்றுதான்: ஆற்றைப் பார்த்த ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அரைக் கிளாஸ் பியர். அவரும் அவர் மனைவி டோராவும் ஞாயிறுதோறும் உட்கார்ந்த மேசை அது. டோரா போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன.

இன்று அங்கே ஓர் இளம் ஜோடி, காலிக் கிளாஸ்களை முன்னால் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தது.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றான் பாரில் ஊற்றிக் கொடுக்கும் காலின்.

"வேணாம்ப்பா. சின்னஞ்சிறுசுங்க. இப்ப எந்திரிச்சிருவாங்க," என்றார் நார்மன்.

"அப்பா, நான் கேக்கறேனே."

"கேட்டா என்னை நோயாளின்னு நினைப்பாங்க."

"பின்னே, குத்துச்சண்டைக்காரர்னா நினைப்பாங்க?" என்றான் காலின். நார்மன் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதெல்லாம் இந்த ஊரில் செல்லாது. இங்கே வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார்கள். ஜூடித்தும் அப்படி வளர்ந்தவள்தான். கணப்பருகே நாற்காலியை நிறுத்திக் காத்திருந்தாள். அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் புன்னகைத்தாள். ஜூடித்தும் புன்னகைத்தாள். எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும், உடம்பு எழவில்லை. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

காலின் ஊற்றிக் கொடுத்த பியரில் நுரை அடங்கிப்போனது. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த நார்மனின் தலை மெல்லச் சரிந்தது. தூங்குகிறார் என்று நினைத்து ஜூடித் அவர் மடியிலிருந்த போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு கையைத் தொட்டாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். துடிப்பு இல்லை.

அந்த நேரம் பார்த்து ஜோடி எழுந்து வந்தது.

"இந்த மேசைக்காகவா காத்திருந்தீங்க?" என்றாள் அந்தப் பெண். "நெருப்புக்குப் பக்கத்துல சௌகரியமா இருக்கீங்கன்னு நினைச்சுட்டோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே எந்திரிச்சிருப்போமே. மன்னிச்சிருங்க."

"இல்ல இல்ல, நீங்கதான் மன்னிக்கணும்," என்றாள் ஜூடித்.

"தூங்கிட்டாரா?"

"ஆமா."

அவர்கள் ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். ஜூடித் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் நிறுத்தி, பிரேக் போட்டாள். மேசையில் அவர்களுடைய கிளாஸ்கள் விட்டுப்போயிருந்த ஈர வட்டங்களைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.