ஷபீகா வீட்டுத் தேக்கு

புயல் ஓய்ந்து சில நாள் கழித்து வெள்ளவத்தைக்கு பஸ் ஏறியபோதே, மரத்தைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று ரொஷேல் முடிவெடுத்திருந்தாள். ஷபீகா வீட்டுத் தேக்கு சாய்ந்து, சமையல் நடக்கும் குசினி நொறுங்கிப் போயிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகாததே பெரிய காரியம்.

பழைய காலத்து மழையை மர வளையங்களில் தேடுவது அவளுடைய ஆராய்ச்சி. தேக்கு ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். மழை பொய்த்த ஆண்டில் அது மெலிந்துவிடும். போன வருடம், முன்பின் தெரியாத அவளை ஷபீகா உள்ளே விட்டு, மரத்திலிருந்து பென்சில் பருமனில் ஒரு துண்டைத் துளைத்தெடுக்கவும் சம்மதித்தார். அந்தத் துண்டிலிருந்த ஒரு கோடு அன்றிலிருந்து அவள் நிம்மதியைக் கெடுத்தது. அது உண்மையான வளையமா, ஒரே ஆண்டில் மழை விட்டுவிட்டுப் பெய்ததால் விழுந்த பொய்க்கோடா? பொய்யென்றால் அதற்கு முந்திய ஆண்டுக் கணக்கெல்லாம் பிழையாகிவிடும். முழு வட்டத்தையும் பார்த்தால்தான் தெரியும் என்று அன்றே ஷபீகாவிடம் சொல்லியிருந்தாள். அதற்காக நிற்கிற மரத்தை வெட்டச் சொல்ல முடியுமா?

அன்று அவள் உடைந்த ஓடுகளைப் பொறுக்கினாள், சேற்றை அள்ளினாள். மத்தியானம் பால் விடாத பிளேன்டீயை நீட்டிய ஷபீகா, "கேக்க வந்ததக் கேக்காமப் போகப் போறீங்களா மகள்?" என்றார்.

"இந்த நிலைமையில கேக்க மனம் வரேல்ல ஆன்ரி."

ஷபீகா முன்னறைக்குக் கூட்டிப்போனார். சோபாவில், பெட்ஷீட்டுக்கு அடியில், பட்டை கழலாத முழு வட்டத் துண்டு ஒன்று கிடந்தது.

"முழு வட்டம் வேணுமெண்டு அண்டைக்குச் சொன்னீங்களே. மரம் அறுக்க வந்தவங்ககிட்ட முதல்ல இத வெட்டித் தரச் சொன்னேன்."

குசினி இடிந்து கிடந்த நேரத்தில் இவருக்கு என் நினைவு வந்ததா! ரொஷேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வுகூடத்தில் துண்டைத் தேய்த்து மினுக்கி, அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்தாள். பாதி வட்டத்தில் அது மங்கி மறைந்தது. உண்மை வளையமென்றால் முழுதாகச் சுற்றி வந்திருக்கும்; இது பொய்க்கோடுதான். அதை நீக்கி எண்ணியதும், ஆக மெலிந்த வளையம் மழைப் பதிவுகளில் கடும் வறட்சி இருந்த அதே ஆண்டில் வந்து உட்கார்ந்தது.

அடுத்த ஞாயிறு தம்பி ரெனால்டைக் கூட்டிக்கொண்டு, கூரைத் தகடுகளையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"என்னத்துக்கு மகள் இதெல்லாம்?"

"உங்கட சமையலைச் சாப்பிடத்தான் ஆன்ரி. குசினி இல்லாம எப்பிடி?"

ரெனால்ட் அதற்குள் ஏணியில் ஏறிவிட்டான்.